‘விளக்கினார்’ என்றுதான் எழுதியிருந்தேன்

போன மாதம் ஒரு கையெழுத்துக்காகப் பழைய அலுவலகத்துக்குப் போயிருந்தேன். நான் பல வருடம் உட்கார்ந்த நாற்காலியில் ஓர் இளைய காவலர் இருந்தார். அவருக்கு முன்னால் மேசையில் மூன்று கைப்பேசிகள். மூன்றிலும் மூன்று கூட்டங்கள் நேரலையில் ஓடிக்கொண்டிருந்தன. காதில் ஒன்றையும் மாட்டாமலே ஏதோ எழுதிக்கொண்டிருந்தார்.

“நீங்கல்லாம் நேர்லயே போய் உக்காருவீங்களாமே ஏட்டய்யா? எப்டி எழுதுவீங்க? நம்ம மலருக்கு எழுதிக் குடுங்களேன், பசங்க படிப்பாங்க” என்றார்.

எங்கள் ஓய்வுபெற்றோர் சங்க மலரில் வழக்கமாகத் திருடனைத் துரத்திப் பிடித்த கதைகள்தான் வரும். என்னிடம் அப்படி ஒன்று இல்லை. ஒரு வார்த்தையைப் பற்றிய கதைதான் இருக்கிறது. அதை எழுதுகிறேன்.

பயிற்சியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஓடினேன், தவழ்ந்தேன், துப்பாக்கி துடைத்தேன். பிறகு ஆயுதப்படை, போக்குவரத்து, ஆவடி பக்கம் ஒரு நிலையத்தில் எழுத்தர் வேலை. என் கையெழுத்து நன்றாக இருந்ததால் தகவல் சேகரிக்கும் பிரிவுக்கு எடுத்துக்கொண்டார்கள். அதன்பின் அம்பத்தூருக்கும் பூந்தமல்லிக்கும் நடுவில் எங்கே நான்கு பேர் கூடிப் பேசினாலும் ஐந்தாவது ஆளாக நான் இருந்தேன்.

மப்டி என்றால் சீருடையைக் கழற்றிச் சட்டையை மாற்றுவது என்று பலர் நினைக்கிறார்கள். காட்டிக்கொடுப்பது காலும் தலைமுடியும்தான். ஷூவைக் கழற்றிவிட்டுச் செருப்பு போட வேண்டும். முடியைக் கொஞ்சம் வளர விட வேண்டும். பின்னாலிருந்து மூன்றாவது வரிசை. பேசும்போது எழுதக் கூடாது, கைதட்டும்போது எழுத வேண்டும். ஒரு வரிசையை எண்ணி வரிசைகளால் பெருக்கினால் கூட்டம் வந்துவிடும். எழுதும்போது யார், எங்கே, எத்தனை பேர் என்பதெல்லாம் சுலபம். கஷ்டம் வினைச்சொல்லில்தான். பேசினார், விளக்கினார், கேட்டுக்கொண்டார், கண்டித்தார், எச்சரித்தார், தூண்டினார். இது ஒரு ஏணி. கடைசிப் படியில் ஒருவரை ஏற்றிவிட்டால் அவரை இறக்கிவிட ஆள் கிடையாது.

அப்போது எங்களுக்கு இருந்த ஆய்வாளரின் பெயரை எழுதவில்லை. அவரும் இந்த மலரைப் படிப்பார். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. காலையில் வந்ததும் மேசையைத் தன் கைக்குட்டையால் தானே துடைப்பார். என்னைவிட நான்கு வயது இளையவர். ஆனாலும் என்னைத் ‘தம்பி’ என்றுதான் கூப்பிடுவார். வீட்டில் யாருக்காவது காய்ச்சல் என்றால் மறுநாள் மறக்காமல் விசாரிப்பார். அறிக்கை வரைவைப் பென்சிலால் திருத்துவார். தட்டச்சு ஆனதும் வரைவைத் திரும்ப வாங்கி, பென்சில் எழுத்தை ரப்பரால் அழித்து, தூளை ஊதிவிட்டுக் கொடுப்பார். சுத்தமான மனிதர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஓய்வுபெற நான்கைந்து வருடம் இருக்கும்போது அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது.

குமணன்சாவடியில் ஒரு கல்யாண மண்டபம். அதன் உரிமையாளர் பூந்தமல்லியில் துணிக்கடை வைத்திருக்கும் ஒரு பாய். முகூர்த்தம் இல்லாத நாளில் சாப்பாட்டுக் கூடத்தை மாணவர்களுக்குச் சும்மா கொடுத்திருந்தார். சுற்றுவட்டாரக் கல்லூரிகளிலிருந்து வருகிறார்கள், கட்டணப் பிரச்சினை என்று தகவல். கோஷம், கொடி, ஓர் உருவபொம்மை. இவற்றை எதிர்பார்த்துத்தான் போனேன்.

வாசலிலேயே ஒரு பெண் என்னை நிறுத்தினாள். இருபது, இருபத்தொரு வயது. பின்னால் தெரிந்துகொண்டேன்: பெயர் சங்கரி, கள்ளிக்குப்பம், பி.காம். கடைசி வருடம், அப்பாவுக்கு அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் பட்டறை வேலை.

“சார், நீங்க எழுதறதுக்கு வந்துகீறீங்க. பாத்தாலே தெரியுது” என்றாள். “நாங்க வேகமா படிப்போம், உட்டுடுவீங்க. இந்தாங்க, கையிலயே வெச்சிக்கோங்க.”

பன்னிரண்டு பக்கம். மேலே ‘மசோதா’ என்று இருந்தது.

அத்தனை வருட வேலையில் என் கையில் யாரும் இப்படி ஒரு காகிதத்தைக் கொடுத்ததில்லை. காது சூடாகிவிட்டது. வாங்கிக்கொண்டு, பின்னாலிருந்து மூன்றாவது வரிசையில் போய் உட்கார்ந்தேன்.

கோஷம் எதுவும் இல்லை. சாப்பாட்டு மேசைகளில் இரு பக்கமும் உட்கார்ந்து, அறுபது பிள்ளைகள் ஒரு சட்டத்தை வரி வரியாகப் படித்தார்கள். சேரும்போது சொன்ன கட்டணத்தைப் படிப்பு முடியும்வரை உயர்த்தக் கூடாது. கட்டணம் நிலுவை என்பதற்காகத் தேர்வு நுழைவுச் சீட்டையோ அசல் சான்றிதழையோ எந்தக் கல்லூரியும் பிடித்து வைக்கக் கூடாது. இதைத் தொகுதி எம்.எல்.ஏ. தனி உறுப்பினர் மசோதாவாகச் சட்டசபைக்குக் கொண்டுபோக வேண்டும் என்பது திட்டம். ‘கூடாது’ போதுமா, ‘மீறினால்’ என்று ஒரு தண்டனைப் பிரிவு வேண்டாமா என்று கால் மணி நேரம் வாதம் நடந்தது. எனக்குத் தெரிந்த எந்தக் கட்சிக் கூட்டத்திலும் இப்படிப் பேசிக் கேட்டதில்லை.

பிறகு சங்கரி எழுந்து, இந்தச் சட்டம் ஏன் வேண்டும் என்று பெயர் சொல்லாமல் சில சம்பவங்களைப் படித்தாள். மூன்றாவது சம்பவம் இது:

“ரெண்டாவது வருஷ இன்ஜினியரிங் மாணவி. அப்பா போலீஸ்ல ஏட்டு. கட்டணம் பாக்கின்னு ஹால் டிக்கெட் குடுக்கல. பரீட்சை நடந்த மூணு மணி நேரமும் காலேஜ் எதிர்ல பஸ் ஸ்டாப்ல உக்காந்துகினு இருந்தா. ஊட்டுக்குப் போயி பேப்பர் ஈஸின்னு சொல்லிட்டா. அவங்க அப்பா சந்தோஷப்பட்டு பாதாம் அல்வா வாங்கிட்டு வந்தாராம்.”

நான் பேனாவைப் பிடித்தபடி இருந்தேன்.

பாதாம் அல்வா வாங்கியது நான். அம்பத்தூர் ஓ.டி. பஸ் நிலையம் எதிரே, வரிசையில் நின்று வாங்கினேன். என் மகள் தேன்மொழி ஒரு துண்டு எடுத்துக்கொண்டு, மீதியை ஃபிரிட்ஜில் வைக்கச் சொன்னாள். சேமநலநிதி முன்பணம் வரத் தாமதமானதால் அந்தப் பருவத்துக் கட்டணம் தள்ளிப்போயிருந்தது. ‘அடுத்த மாதம் கட்டிக்கலாம்னு காலேஜ்ல சொல்லிட்டாங்கப்பா’ என்று அவள் சொன்னதை நானும் நம்பியிருந்தேன்.

அதற்கப்புறம் கொஞ்ச நேரம் என் காதில் பாதிதான் விழுந்தது. கடைசியில் சங்கரி மேசைமேல் கையை ஊன்றிக்கொண்டு பேசினாள். “மனு குடுத்துட்டு வந்துடறதுக்கு நாம போகல. சட்டசபை கூடற வாரம் எம்.எல்.ஏ. ஆபீஸ் வாசல்ல போய் உக்காருவோம். படிச்சிட்டேன், கொண்டு போறேன்னு அவரு வாயால சொல்ற வரைக்கும் எழுந்திருக்கக் கூடாது. பயந்தவங்க பக்கத்துல பயப்படாதவங்க உக்காருங்க. கையில மசோதா இல்லாம யாரும் வராதீங்க.”

வீட்டுக்கு வந்து தேன்மொழியை மொட்டை மாடிக்குக் கூப்பிட்டேன். துணி காய்ந்துகொண்டிருந்தது.

“பரீட்சை அன்னிக்கி எங்கம்மா இருந்த?”

அவள் துணியை மடித்துக்கொண்டே இருந்தாள். நான்கைந்து துணி ஆன பிறகுதான் பேசினாள். “பஸ் ஸ்டாப்ல.”

“ஏன் எங்கிட்ட சொல்லல?”

“சொன்னா நீங்க யூனிஃபார்மோட காலேஜுக்கு வந்துடுவீங்கப்பா. அவங்க உங்கள ஆபீஸ் வெளிய கைய கட்டிகினு நிக்க வெப்பாங்க. என் ஃபிரெண்டோட அப்பாவ அப்டித்தான் நிக்க வெச்சாங்க. நான் அத பாத்தேன்.”

எத்தனையோ பேரை நிலையத்தில் கைகட்டி நிற்க வைத்திருக்கிறேன். என் மகள் என்னை அப்படி நினைத்துப் பார்த்திருக்கிறாள் என்பது இடி மாதிரி இருந்தது.

மறுநாள் அறிக்கை எழுதினேன். சம்பவங்கள் படிக்கப்பட்டதை ஒரே வரியில் முடித்துக்கொண்டேன். சங்கரியைப் பற்றி, ‘மசோதாவின் பிரிவுகளை விளக்கினார், சட்டமன்ற உறுப்பினர் அலுவலகத்துக்கு வந்து மனு அளிக்குமாறு கேட்டுக்கொண்டார்’ என்று எழுதினேன்.

ஆய்வாளர் படித்தார். பென்சிலை எடுத்தார்.

“தம்பி, ‘விளக்கினார்’னு போனா மேல என்ன கேப்பாங்க? விளக்கவுரைக்கு எதுக்கு ஒரு ஏட்டு, பெட்ரோல், பேட்டான்னு கேப்பாங்க. நாளைக்கே அங்க ஏதாவது நடந்துட்டா, ஏன் முன்கூட்டியே சொல்லலன்னு உங்களத்தான் பிடிப்பாங்க. ஒரு வார்த்தைதானே?”

அவர் எழுதியது ஒரு வார்த்தை இல்லை. ‘அரசுக்கு எதிராகச் சட்டவிரோதமாகக் கூடுமாறு மாணவர்களைத் தூண்டிப் பேசினார்.’

தட்டச்சாகி வந்ததைப் படித்தேன். படிக்காமல் கையெழுத்துப் போட்டேன் என்று சொல்ல மாட்டேன். அந்த மூன்றாவது சம்பவம் யாருடையது என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்ற பயம் எனக்கு. அந்தக் காகிதம் என் மேசையிலிருந்து போனால் போதும் என்று இருந்தது. கையெழுத்துப் போட்டேன். அவர் வரைவைத் திரும்ப வாங்கி ரப்பரால் அழித்தார், ஊதினார், “பாப்பா எப்படிப் படிக்குது?” என்று கேட்டார்.

பிள்ளைகள் சொன்னபடி போய் உட்கார்ந்தார்கள். மூன்று மணி நேரம். எம்.எல்.ஏ. வெளியே வந்து மசோதாவை வாங்கி, சட்டசபையில் கொடுப்பதாகச் சொன்னார். ஒரு கல்லும் விழவில்லை, ஒரு வழக்கும் இல்லை. அவர் நோட்டீஸ் கொடுத்ததாகவும், அது விவாதத்துக்கு வரவில்லை என்றும் பிறகு கேள்விப்பட்டேன். அந்த அறிக்கையை நான் மறந்துவிட்டேன்.

இரண்டு வருடம் கழித்து, அரசு வேலைக்குத் தேர்வானவர்களின் முன்நடத்தை விசாரணைப் படிவங்கள் சில வந்தன. ஒன்று கள்ளிக்குப்பம் முகவரி. கதவைத் தட்டினேன். திறந்தது சங்கரி.

“நீங்களா சார்! உள்ள வாங்க. யம்மா, போலீஸ் சார் வந்துகீறாரு, டீ போடு!”

வருவாய்த் துறையில் உதவியாளர் வேலை. அவளுடைய அம்மா டீயை நீட்டிக்கொண்டே, “எங்க ஊட்டுல மொத கவர்மென்ட் வேலை நைனா. நல்லபடியா எழுது இன்னா?” என்றார். பக்கத்து வீடுகளில் விசாரித்தேன். நிலையப் பதிவேடுகளைப் பார்த்தேன். எதுவுமில்லை. ‘ஆட்சேபணைக்குரிய தகவல் இல்லை’ என்று எழுதிக் கொடுத்தேன்.

நான்காம் நாள் ஆய்வாளர் கூப்பிட்டார். மேசையில் என் படிவமும், பக்கத்தில் ஒரு பழைய காகிதமும் இருந்தன.

“தம்பி, நீங்க எழுதினத நீங்களே மறந்துட்டீங்களே” என்றார், வருத்தப்படுகிற குரலில். “பேரைப் போட்டுத் தேடினா இது வருது. அரசுக்கு எதிரா தூண்டினவங்களுக்கு அரசு வேலைக்கு ஆட்சேபணை இல்லன்னு எப்படி அனுப்ப?”

“ஐயா, அந்த வார்த்தை நீங்க...”

“கையெழுத்து யாருது?”

பார்த்தேன். என்னுடையது. அவருடைய பென்சில் எங்கேயும் இல்லை. அப்போதுதான் அந்த ரப்பர் எதற்கு என்று எனக்குப் புரிந்தது. இத்தனை வருடத்தில் எத்தனை வரைவுகள், எத்தனை பேர்!

சங்கரிக்குப் பணி நியமனம் மறுக்கப்பட்டது. அவள் உயர்நீதிமன்றம் போனாள். அது எனக்குத் தெரிந்ததே, அரசு வழக்கறிஞர் அலுவலகத்துக்கு வரச்சொல்லித் தகவல் வந்தபோதுதான். பதில் மனுவுடன் என் அறிக்கையை இணைக்கப் போகிறார்கள்; அது உண்மை என்று நான் உறுதிமொழிப் பத்திரத்தில் கையெழுத்திட வேண்டும். ஓய்வுக்கு ஏழு மாதம் இருந்தது.

வீட்டில் தேன்மொழியிடம் முழுவதையும் சொன்னேன். அவள் அப்போது ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள்.

“எந்த சங்கரி? கள்ளிக்குப்பம் சங்கரி அக்காவா?” என்று எழுந்துவிட்டாள். “அப்பா, என்னை மறுபடியும் பரீட்சை எழுத வெச்சதே அவங்கதான். எங்க காலேஜ்கூட இல்ல அவங்க. எங்கூட வந்து பிரின்சிபால் ரூம்ல ரெண்டு நாள் நின்னாங்க. உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு நான்தான் சத்தியம் வாங்கிகினேன்.”

அவள் என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். திட்டவில்லை. சாப்பிட்ட தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

கூட்டத்தில் எழுதும் சின்ன நோட்டுகளை நான் தூக்கிப் போடுவதில்லை. பரணிலிருந்து அந்த வருடத்து நோட்டை எடுத்தேன். ‘விளக்கினார்’ என்று என் கையெழுத்தில், அன்றைய தேதியோடு இருந்தது. மசோதாவின் பன்னிரண்டு பக்கமும் அதற்குள் மடிந்து கிடந்தது.

அரசு வழக்கறிஞர் இளம் வயதுக்காரர். மேசை முழுக்கக் கட்டுக் கட்டாக வழக்குகள். நிமிராமலே பத்திரத்தை நீட்டினார்.

“கையெழுத்து என்னுது சார். வார்த்தை என்னுது இல்ல” என்றேன்.

நிமிர்ந்தார். நோட்டை வாங்கிப் படித்தார். இரண்டு முறை படித்தார். “இத நான் கோர்ட்ல சொன்னா உங்களுக்கு என்ன ஆகும் தெரியுமா? பொய் அறிக்கையில கையெழுத்து போட்டேன்னு நீங்களே ஒத்துக்கறீங்க. பென்ஷன்ல கை வெப்பாங்க.”

“தெரியும் சார்.”

“உங்க பொண்ணுக்கும் இவங்களுக்கும் பழக்கம் உண்டா? அந்தப் பக்கம் கேப்பாங்களோ இல்லையோ, உங்க டிபார்ட்மென்ட் கேக்கும்.”

“உண்டு. ஆனா அந்த நோட்டு எழுதும்போது எனக்குத் தெரியாது.”

மேசையில் என்னையே எழுதிக் கொடுக்கச் சொன்னார். எழுதினேன். என் கையெழுத்து முதல்முறையாக அசிங்கமாக வந்தது.

அடுத்த வாரமே எனக்குக் குற்றச்சாட்டுக் குறிப்பாணை வந்தது. ஆய்வாளர் தம் விளக்கத்தில், எந்தத் திருத்தமும் செய்யவில்லை என்று எழுதிக் கொடுத்தார். அதை மறுக்க என்னிடம் ஒன்றும் இல்லை. எனக்குக் கண்டனமும் ஊதிய உயர்வு வெட்டும். பிரிவுபசார விழா நடக்கவில்லை. ஒரு மதியம் அடையாள அட்டையைக் கொடுத்துவிட்டு ரயிலேறி வந்தேன். நீதிமன்றத்தில் அரசுத் தரப்பு, விவகாரத்தை மறுபரிசீலனை செய்வதாகச் சொல்லிவிட்டது. சங்கரிக்கு வேலை கிடைத்தது, அவளோடு தேர்வானவர்கள் பணியில் சேர்ந்து ஒரு வருடத்துக்கு மேல் கழித்து.

ஓய்வுபெற்ற பிறகு ஒரு ஞாயிறு கள்ளிக்குப்பம் போனேன். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று கொரட்டூரிலிருந்து பஸ்ஸில் வரும்போதே வாக்கியம் கூட்டி வைத்திருந்தேன். உண்மையைச் சொல்ல வேண்டுமென்றால், கொஞ்சம் பெருமையும் இருந்தது. எனக்கு நேர்ந்ததை அவள் கேள்விப்பட்டிருப்பாள் அல்லவா?

சங்கரிதான் கதவைத் திறந்தாள். உட்கார வைத்து டீ கொடுத்தாள். நான் கூட்டி வைத்ததைச் சொல்லி முடித்தேன்.

“உங்களுக்கு இன்னா ஆச்சின்னு எங்க வக்கீல் சொன்னாரு சார். யாரும் அப்டி செய்ய மாட்டாங்க. நன்றி” என்றாள். “ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்க மாட்டீங்களே?”

“சொல்லும்மா.”

“அன்னிக்கி நான் விளக்கல சார். தூண்டத்தான் பேசுனேன்.”

நான் டீயைக் கீழே வைத்தேன்.

“பஸ் ஸ்டாப்ல உக்காந்து அழுதுகினு இருக்கிற பொண்ண எழுப்பி, வா, வாசலாண்ட வந்து உக்காருன்னு கூப்பிடறதுக்கு வேற இன்னா பேரு? அறுபது பேரும் பயந்துகினுதான் கெடந்தாங்க. சட்டம் வேணும்னு எம்.எல்.ஏ. கிட்ட கேக்கறது அரசுக்கு எதிரானது இல்ல, சட்டவிரோதமும் இல்ல. அத நீங்க கோர்ட்ல சொல்வீங்கன்னு நெனைச்சேன். ஆமா, அவ தூண்டுனா, ஆனா அது தப்பில்லன்னு சொல்வீங்கன்னு. நீங்க நான் அப்டி பேசவே இல்லன்னு எழுதிக் குடுத்துட்டீங்க. அப்டித்தான் எனக்கு வேலை கெடைச்சிது. இப்ப காலேஜுல கீற பசங்க எங்கிட்ட வந்து, அக்கா, நாங்களும் பேசுனா வேலைக்கு ஆபத்தான்னு கேக்கறாங்க. நான் இன்னா பதில் சொல்றது?”

உள்ளேயிருந்து அவள் அம்மா, “யே, பெரியவர்கிட்ட இன்னாடி பேச்சு?” என்றார். சங்கரி, “இல்லம்மா, கேட்டேன்” என்றாள்.

அந்த வார்த்தையை ஆய்வாளர் கூட்டினார், நான் குறைத்தேன். அவள் என்ன பேசினாளோ அதை இருவருமே எழுதவில்லை. டீ ஆறிப்போனது. “வரேம்மா” என்று மட்டும் சொல்லி எழுந்தேன். படியிறங்கி, தெருவைக் கடந்து, பஸ் நிறுத்தம் வரை நடந்துவிட்டேன்.

“சார்! சார்!” என்று யாரோ கூப்பிட, திரும்பினேன். சங்கரி வெயிலில் ஓடிவந்துகொண்டிருந்தாள், கையில் என் செருப்போடு.